வெள்ளிக் குதிகாலின் மூன்றாவது இசைத்தட்டு

அப்துல் ரவூப் போன் செய்து, “அண்ணே, மூணாவது தட்டு கெடச்சிருச்சு” என்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஐம்பது வருஷம் கண்ணில் படாமல் கிடந்த சனியன், நான் போய்ச் சேரும்வரை அப்படியே கிடந்தால் என்ன?

ரவூப்புக்கு ரங்கூன் லத்தா பேட்டையில் ஒரு சந்துக்குள் பழைய பத்திரிகை, பழைய இசைத்தட்டு விற்கும் கடை. பாங்காக்கில் ஒரு கம்பெனி அந்தக் காலத்து ரங்கூன் பாட்டுகளைத் திரட்டிப் புதுத் தட்டாகப் போடுகிறது. அதற்குப் பாட்டு தேடுவதும், பாடியவர்களிடம் கையெழுத்து வாங்குவதும் இவன் பொறுப்பு. எங்கள் ‘வெள்ளிக் குதிகால்’ குழுவில் மிச்சம் இருப்பது இரண்டே பேர். பேஸ் கிதார் வாசித்த ஜெரால்ட் ஆகிய நான், தாமுவேயில் மூன்றாவது மாடியில் முட்டிவலியோடு இருக்கிறேன். பாடிய செபாஸ்டியன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் இருக்கிறான். கிதார்காரன் ஆஸ்திரேலியா போய்ச் செத்தான், டிரம்ஸ்காரன் இங்கேயே செத்தான். செபாஸ்டியன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். என் மனைவி மார்த்தாவுக்கு அண்ணன்.

குழுவின் சரித்திரம் என் பீரோவில் ஒரு கணக்குநோட்டில் ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டியவள் மார்த்தா. முதல் பக்கத்தில் 1973 தேதியிட்ட இரண்டு வரிச் செய்தி: “நான்கு வாலிபர்கள் பெண்களைப் போல அலங்கரித்துக்கொண்டு மேடை ஏறினார்கள். சத்தம் பலமாக இருந்தது.” அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு நாங்கள் நாலு பேரும் டீக்கடையில் குதித்த குதியில் ஒரு ஸ்டூல் உடைந்தது.

கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்ற இங்கிலீஷ் பத்திரிகைகளில் ஆண்பிள்ளைகள் உதட்டுச்சாயம் பூசி வெள்ளி பூட்ஸ் போட்டு நின்றார்கள். பார்த்த அன்றே எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெள்ளி பூட்ஸுக்கு எங்கே போவது? மழைக்காலத்தில் போடும் மரக்கட்டைச் செருப்பு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஆணியடித்து, அலுமினியப் பெயிண்ட் அடித்தோம். பொம்பளைகள் கொண்டைக்கு வைக்கும் சவுரியை வாங்கி விக் தைத்தோம். நாடகக்காரர்களுக்கு ஜிகினா விற்கும் கடையில் மார்த்தா ஒரு பொட்டலம் வாங்கி, அவளுடைய சட்டையிலேயே தைத்து அண்ணனுக்குப் போட்டுவிட்டாள். அது போதாமல் மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலில் தொங்கிய சரிகைக் காகிதத்தையும் உருவிக்கொண்டு வந்தாள். பங்குச் சாமியார் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எங்களைப் பேர் சொல்லாமல் கிழித்தார். செபாஸ்டியன் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், திமிர் பிடித்தவன்.

முதல் தட்டு ‘கண்ணாடி நகரம்’. வெளிநாட்டு மெட்டு, பர்மாச் சொல். அன்றைக்கு எல்லாரும் செய்த காப்பி பாட்டுதான். தட்டுக் கம்பெனி முதலாளி செபாஸ்டியன் என்ற பேரைத் தட்டில் போட மறுத்துவிட்டார், பர்மாப் பேர்தான் விற்குமாம். அப்படி அவன் நே லின் ஆனான். இரண்டாவது தட்டு ‘செவ்வாய்க்கிழமைப் பெண்’. அதற்கு அரைப்பக்கப் படம் வந்தது. அச்சகத்துக்காரன் வர்ணம் பூசுகிறேன் என்று எங்கள் வெள்ளிச் செருப்புக்கு மஞ்சள் அடித்துவைத்தான். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மாண்டலேயிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம் இருக்கிறது. பர்மாக்காரர்கள் பிறந்த கிழமையை வைத்துத்தான் ஜோடிப் பொருத்தம் பார்ப்பார்கள். நே லின் எந்தக் கிழமையில் பிறந்தவர், தன் கிழமைக்குப் பொருந்துமா என்று கேட்டிருந்தாள். ஒரு வாரம் அதை வைத்து அவனை உயிரோடு தின்றோம்.

மூன்றாவது ‘இன்யா ஏரிக் குடை’. ஏரிக்கரையில் ஒரு குடைக்குள் உட்கார்ந்திருக்கும் ஜோடியைப் பற்றிய பாட்டு. அது காப்பி இல்லை, மெட்டும் சொல்லும் செபாஸ்டியனுடையவை. 1975 ஆகஸ்டில் பதிவு செய்தோம். முதலாளியிடம் நாடா கொஞ்சம்தான் இருந்தது, இரண்டு தடவைக்குமேல் வாசிக்க முடியாது. முதல் தடவை டிரம்ஸ்காரன் கெடுத்தான். இரண்டாவது தடவை, இரண்டாம் சரணத்தில் செபாஸ்டியன் உச்சிக்குப் போய் நிற்கும் இடத்தில், என் கிதாரின் முறுக்காணி வழுக்கித் தந்தியின் சுருதி இறங்கிவிட்டது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். இறங்கியது நான். ஆனால் கேட்பவர் காது குரலைத்தானே பிடிக்கும்? ஏதோ உரசுகிறது என்றால் பாடுகிறவன்மேல்தான் பழி.

அந்த உரசலோடுதான் தட்டு வந்தது. வந்த வாரம் முதலாளி என்னிடமே சொன்னார், அடுத்த தட்டுக்கு நே லின் மட்டும் போதும், வாத்தியத்துக்கு ரேடியோ ஆட்களை வைத்துக்கொள்கிறேன் என்று. அவனிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவன் இல்லாமல் நான் யார்? மரச்செருப்பில் நிற்கிற ஒரு கிளார்க். மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன்.

நாங்கள் ‘நீல அட்டை’ என்று கூப்பிடும் மாதப் பத்திரிகையில் தட்டு விமர்சனம் வரும். எல்லாரும் புனைபெயரில்தான் எழுதுவார்கள், யார் எவர் என்று ஆசிரியருக்கே தெரியாது. தபாலில் போட்டால் போதும். நே லினுக்குச் சுருதி நிற்கவில்லை, இரண்டாம் சரணத்தில் குரல் வழுக்குகிறது, வெள்ளிச் செருப்பைக் கழற்றினால் மிஞ்சுவது கோயிலில் பாடுகிற ஒரு பையன்தான் என்று எழுதினேன். மௌங் சௌக்கே என்று பேர் வைத்துக்கொண்டேன். சௌக்கே என்றால் பர்மா பாஷையில் கல். முதலாளி அதைப் படித்தால் அவனைத் தனியாக எடுக்க மாட்டார், நாலு பேரும் ஒன்றாக இருப்போம். இவ்வளவுதான் என் மூளைக்கு எட்டியது.

ஆனால் நான் எழுதியது இங்கிலீஷில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் கதி. இங்கிலீஷ் வெள்ளமாக வரும், பர்மாவில் ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் வேர்த்துவிடும். அதிலும் நான் மகா மட்டம், படிப்பதற்கே எழுத்துக் கூட்ட வேண்டும். மார்த்தா அப்போது ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள், அவள் பர்மா தேன். அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்களுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம்.

படித்துவிட்டு, “நெஜமாவே உரசுதா?” என்று கேட்டாள்.

“நெஜந்தான். நாம சொன்னா கோவிச்சுக்குவான். வெளியாளு சொன்னாத் திருத்திக்குவான்” என்றேன்.

அண்ணன் நல்லதுக்கு என்று நம்பி எழுதிக்கொடுத்தாள். செப்டம்பரில் வந்தது. அக்டோபரில் செபாஸ்டியன் பாட்டை விட்டான். தன்னிடம் இருந்த தட்டை உடைத்தான், விக்கை ஆற்றில் போட்டான், டாலாவில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போய்விட்டான். முதலாளிக்கும் ஆசை போயிற்று, எங்களுக்கும் குழு போயிற்று. கோயிலில்கூட எல்லாரும் பாடும்போது அவன் புத்தகத்தை விரித்துக்கொண்டு வாயை மூடி நிற்பான். ஐம்பது வருஷம் அப்படி நின்றான். எங்கள் கல்யாணத்திலும் அப்படித்தான்.

மார்த்தா 2021 ஜூலையில் கொரோனாவில் போனாள். ஊரெல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்த மாதம். மூச்சுக்கு நடுவில் ஒரு தரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “அன்னிக்கு நெஜமாவே உரசுச்சா?” நான் ஆமாம் என்றேன். சாகப்போகிறவளிடம் பொய் சொன்ன நாக்கு இது. அழுகவும் இல்லை, ஒன்றும் இல்லை, மூன்று வேளையும் சோறு ருசி பார்த்துக்கொண்டு வாய்க்குள் கிடக்கிறது.

இப்போது ரவூப் என்ன செய்கிறான் என்றால், தட்டோடு அந்த நீல அட்டையையும் எங்கோ தோண்டி எடுத்துவிட்டான். “குழு ஒடஞ்சதே இந்த விமர்சனத்தாலதானாமே அண்ணே, புத்தகத்துல அப்டியே போடப் போறோம்” என்றான். புதுத் தட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வருமாம். உலகம் முழுக்கப் போகுமாம். நே லினுக்குச் சுருதி நிற்காது என்று உலகம் முழுக்கப் போகும். அவன் அதை நம்பிக்கொண்டே சாவான்.

கையெழுத்துத் தாள்களை நானே டாலாவுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். தட்டையும், பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி பிளேயரையும் ரவூப்பிடம் வாங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் கரண்ட் அதன் இஷ்டத்துக்குத்தானே வருகிறது. பன்சொடான் துறையில் பெரிய படகு ஏறினேன். படகில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை ஏழெட்டுத் தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் கேவலமாகத்தான் இருந்தது.

சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் வாசலில் இறக்கிவிட்டபோது செபாஸ்டியனின் மகள் ஏஞ்சலா முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலையில் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய சேமியா, போட்டு விற்கிறாள். நாற்பத்தைந்து வயதாகிறது அவளுக்கு.

“வாங்க மாமா. அப்பாவுக்கு இப்ப வலது காது சுத்தமா இல்ல. எடதுல நல்லா கத்தணும்” என்றாள்.

“பாட்டு?”

“பாட்டெல்லாம் எங்க. தகரத்துல மழ பெய்யிற மாதிரி இருக்குங்கறாரு.”

இது எனக்குத் தெரியாது. போன தடவை வந்தபோது கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் போட்டுக் காட்டினால் போதும், அவன் காதே சாட்சி சொல்லிவிடும், நான் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டு வந்திருந்தேன். கோழைக்கு எப்போதும் ஒரு கணக்கு இருக்கும்.

செபாஸ்டியன் சாய்வு நாற்காலியில் இருந்தான். மேலே சுவரில் மார்த்தாவின் படம், அதன் கீழ் மல்லிகை. “வா மாப்ளே. என்ன இப்டி எளச்சுட்ட, தங்கச்சி போனப்பறம் ஒனக்குப் பொங்கத் தெரியலியா?” என்றான். புதுத் தட்டுக்குக் கையெழுத்து வேண்டும் என்று இடது காதில் கத்திவிட்டு, பிளேயரைத் திறந்து தட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கி, முகப்பில் இருந்த தன் பொய்ப் பேரை விரலால் தடவினான். பிறகு திருப்பிக் கொடுத்து, போடு என்று சைகை செய்தான்.

போட்டேன். முதலில் கீறல் சத்தம், அப்புறம் டிரம்ஸ், அப்புறம் அவன். இருபத்து நாலு வயசுக் குரல். ஏஞ்சலா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“இது யாரு மாமா?”

“ஒங்கப்பாதான்.”

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அப்பா ஒரு வரி பாடி அவள் கேட்டதில்லை. வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து இன்னும் எரிச்சலாக்கிக்கொண்டாள். நானும் ஐம்பது வருஷம் கழித்துக் கேட்கிறேன். இரண்டாம் சரணம் வந்தது. அவன் உச்சிக்குப் போனான், நின்றான், அப்படியே நின்றான். கீழே என் தந்தி வெட்கம்கெட்டு இறங்கியது. எவ்வளவு அழகாகப் பாடியிருக்கிறான் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை, என் தப்பை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

செபாஸ்டியன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். குனிந்து பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

“பேஸ் மட்டும் கையில தெரியுது மாப்ளே. நல்லா வாசிச்சிருக்க” என்றான்.

தட்டு முடிந்தது. அவன் மகளைப் பார்த்துக் கேட்டான். “ரெண்டாவது சரணத்துல வழுக்குச்சா?”

ஏஞ்சலா குனிந்து அவன் இடது காதில், “இல்லப்பா. ஒங்க கொரலு அப்டியே நிக்குது” என்றாள்.

“நீ நான் பெத்த பொண்ணு. வேற என்ன சொல்லுவ.”

அப்போதுதான் நான் எழுந்து அவன் காதருகில் போனேன். படகில் தயார் செய்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. “வழுக்கினது என் தந்தி, செபா. ஒன் கொரலு இல்ல. அந்த விமர்சனம் எழுதினது நான். நான்தான் மௌங் சௌக்கே” என்று கத்தினேன். கத்தாமல் அவனுக்குக் கேட்காது. வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது வருஷம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை டாலா முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான், இருமல் வரும்வரை சிரித்தான்.

“ஏண்டா, ஒன் லீவு லெட்டரையே நான்தானேடா எழுதிக் குடுத்தேன். ஏழாங்கிளாஸ்ல ஒன் பேர பர்மால எழுத ஒரு வாரம் கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தேன். நீயாடா இத எழுதுன?”

நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஜெபப் புத்தகத்தை எடுத்தான். உள்ளே மடித்து மடித்துக் கிழியப்போன ஒரு தாள். நீல அட்டையின் பக்கம். ஐம்பது வருஷமாக அதை அங்கே வைத்திருந்திருக்கிறான்.

“பாடறப்பவே எனக்குத் தெரியும், என்னமோ ஒரசுச்சு. நீங்க யாரும் சொல்லல. பயம் ஒங்களுக்கு, நான் கோவக்காரன்னு. இந்த ஆளு ஒருத்தன்தான் சொன்னான். என்ன மாதிரி பர்மா எழுதியிருக்கான் பாரு. கடைசி வரியக் கேளு.”

பர்மாவில் படித்து, தமிழில் சொன்னான். “அந்தக் குரல் அபூர்வமானது. சுருதி சேர்த்துக்கொண்டு திரும்பி வரட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருக்கிறோம்.”

அந்த வரியை நான் எழுதவே இல்லை. அச்சில் வந்ததை நான் ஒழுங்காகப் படித்ததும் இல்லை, எனக்குத்தான் படிக்க வராதே. என் விஷத்தையெல்லாம் எழுத்து மாறாமல் எழுதிவிட்டு, கடைசியில் மார்த்தா தன் வரி ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். நாற்பத்து நாலு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தும் சொல்லவில்லை.

“அப்ப ஏன் திரும்பி வரல?” என்று கத்தினேன்.

“வரணும்னுதான் இருந்தேன். ஆலை விட்டதும் ஆத்தங்கரைல போயி பாடிப் பாப்பேன். சுருதி நிக்கிதுன்னு தோணுன அன்னிக்குப் போலாம்னு. எனக்கே நம்பிக்க வரல மாப்ளே. அப்பறம் காது போயிருச்சு.”

நான் பொய் சொல்லவில்லை என்று காட்ட எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பர்மாவில் எழுதியது யார் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மார்த்தா மட்டும்தான் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கேப்பா. அண்ணே, இந்த வருஷமாவது பாடறியான்னு. மத்தவங்க எல்லாரும் மறந்துட்டாங்க.”

ஏஞ்சலா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அப்பா கையில் இருந்த தாளைப் பார்த்தாள். அத்தை அச்சகத்தில் வேலை பார்த்தது அவளுக்குத் தெரியும். கண் சிவந்து என்னைக் கொன்றுவிடுவதுபோல் முறைத்தாள். பிறகு, மெல்ல, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“தாளக் குடு” என்றான் செபாஸ்டியன். ரவூப் கொடுத்த சம்மதப் பத்திரத்தைக் கண்ணருகில் வைத்து முழுக்கப் படித்தான். அடியில், புத்தகத்தில் என்னென்ன வரவேண்டும் என்று எழுத ஒரு இடம் இருந்தது. அங்கே அழகான பர்மா எழுத்தில் எழுதி, எனக்காகத் தமிழில் சொன்னான். “மௌங் சௌக்கே எழுதினத மொத பக்கத்துல முழுசாப் போடணும். அதுக்குக் கீழ யாரும் மறுப்பு எழுதக் கூடாது. இந்தத் தட்ட அந்த ஆளுக்குக் காணிக்கையாக் குடுக்கறேன், என்னைய முழுசாக் கேட்டது அவன் ஒருத்தன்தான்னு எழுதியிருக்கேன். உசுரோட இருந்தா வாங்கிப் பாக்கட்டும்.” எழுதிய கீழேயே கையெழுத்துப் போட்டான். நே லின் என்று போடவில்லை, செபாஸ்டியன் என்று போட்டான்.

பேனாவை என்னிடம் நீட்டினான். குழுவில் மிச்சம் இருக்கிற இன்னொருவனும் சம்மதிக்க வேண்டும், அதுதான் விதி. கையை நீட்டி வாங்கினேன். முறுக்காணி வழுக்கிய அதே கை. பர்மாவில் எனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது என் பேர் ஒன்றுதான். அதையே ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

அவன் தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, என் பேரை வாத்தியார் மாதிரி மெதுவாகப் பார்த்தான். என் தோளைத் தட்டினான்.

“பரவால்ல மாப்ளே, மறக்கல. ஒரு தப்பு இல்ல” என்றான்.